கிணற்றுக்கும் குழாய்க்கும் இடையே: காரைக்கால் எரிவாயுவும் ஒழுங்குமுறைச் சட்டங்களின் வரலாறும்

முன்னுரை

புதுச்சேரி நகரின் கதிர்காமம் தொகுதியும், அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தெற்கேயுள்ள காரைக்கால் தொகுதிகளும் ஒரே சட்டப்பேரவைக்கு உறுப்பினர்களை அனுப்புகின்றன. காவிரிப் படுகையின் இயற்கை எரிவாயுவை நம்பியே திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின் கழகத்தின் 32.5 மெகாவாட் மின் நிலையம் 2000இல் வணிகமுறை உற்பத்தியைத் தொடங்கியது. ஆயினும், அவ்வாயுவைத் தூய்மைப்படுத்தி அழுத்தி அனுப்பும் நிலையங்களை ஒழுங்குபடுத்த அப்பேரவையால் சட்டம் இயற்ற இயலாது. இந்நிலை உருவான வரலாற்றையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலையத்தின் பணி

கிணற்றிலிருந்து வெளிவரும் வாயு தனித்து வருவதில்லை; நீரும் நீர்ம ஐதரோகார்பன்களும் உடன் வருகின்றன. பிரிகலன்கள் நீர்மங்களைப் பிரிக்கின்றன; கிளைக்கால் போன்ற வேதிப்பொருள்கள் ஈரத்தை உறிஞ்சுகின்றன. கிணறு முதுமையடையும்போது அதன் இயல்பழுத்தம் குறைவதால், வாயுவைக் குழாயில் செலுத்த அழுத்தப் பொறிகள் தேவைப்படுகின்றன. எனவே, குழாயின் ஆயுளும் அதன் அருகே வாழ்வோரின் பாதுகாப்பும் இந்நிலையத்தின் பணியைச் சார்ந்துள்ளன.

அதிகாரத்தின் வரலாறு

அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 25ஆம் பதிவு ‘வாயு, வாயுத் தொழிலகங்கள்’ என்பதாகும். கல்கத்தா, பம்பாய் நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்த காலத்தின் எச்சம் எனலாம் இதனை. இப்பதிவை நம்பிக் குஜராத் 2001இல் ஒரு வாயுச் சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டனுப்பிய வழக்கில், இயற்கை எரிவாயு ஒன்றியப் பட்டியலின் 53ஆம் பதிவுக்குரியது என உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவுபடுத்தியது. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசாங்கச் சட்டம் புதுச்சேரிப் பேரவைக்கு மாநில, பொதுப் பட்டியல்களில் மட்டுமே அதிகாரம் அளிப்பதால், அதற்கும் இக்கதவு அடைபட்டது.

ஒன்றிய அதிகாரமும் ஒருமுகமானதன்று. எண்ணெய் வயல்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை; அங்குள்ள தொழிலாளர் பாதுகாப்பு 2025 வரை 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. 2006ஆம் ஆண்டின் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டமோ பதப்படுத்தலையும் குழாய்வழிப் போக்குவரத்தையும் ஏற்று, உற்பத்தியை விலக்குகிறது. உற்பத்தி எங்கு முடிந்து பதப்படுத்தல் எங்குத் தொடங்குகிறது என்ற வினா, கிணற்றுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இந்நிலையத்தின் வாயிலிலேயே எழுகிறது.

நகரம் விபத்து

ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தில் அப்போது இருந்த நகரம் என்னும் சிற்றூரில் 27.06.2014 அன்று எரிவாயுக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்வாயுவுக்கென அமைத்த குழாயில் ஈரவாயு சென்றதும், அதனால் குழாயின் உட்புறம் அரிக்கப்பட்டதும் விசாரணையில் சுட்டப்பட்டன. ஈரத்தை நீக்க வேண்டிய கட்டத்தில் நேர்ந்த குறை, குழாய் சென்ற ஊரில் உயிர்களைப் பறித்தது.

முடிவுரை

தமிழ்நாடு 2020இல் வேளாண்மைப் பாதுகாப்பை முன்னிறுத்திக் காவிரிப் படுகைக்குத் தனிச்சட்டம் இயற்றியது. அது புதிய ஐதரோகார்பன் திட்டங்களைத் தடுக்கிறது; ஏற்கெனவே நடைபெறும் பணிகளைத் தொடுவதில்லை; காரைக்காலுக்கும் செல்லாது. அதிகாரம் ஒன்றியத்திடம் குவிந்திருப்பது மட்டுமே சிக்கலன்று. அது பல சட்டங்களுக்கிடையே பகுக்கப்பட்டிருப்பதும் சிக்கலே. வாயு கைமாறும் இடத்தில் அதன் ஈர அளவுக்கு யார் பொறுப்பு என்பதை ஐயமற வரையறுத்து, அவ்வளவீடுகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு அறிவிப்பது, சட்டம் இயற்றும் அதிகாரமற்ற பேரவையும் வலியுறுத்தக்கூடிய கோரிக்கையாகும்.