மரவள்ளி முதல் பற்பசை வரை



வீட்டிலுள்ள பற்பசைக் குழாயின் பின்புறத்தைச் சற்றுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ‘சோர்பிட்டால்’ என்ற பெயர் இருக்கும். பசை உலர்ந்துபோகாமல் காத்து, சிறிது இனிப்பும் தரும் பொருள் அது. சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து அதைச் செய்கிறார்கள்.

மரவள்ளி என்றதும் என் பாட்டியின் நினைவு வருகிறது. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி வாழ்ந்தவர். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியே வயிற்றை நிரப்பியது. போர் முடிந்த பின் அவர் அக்கிழங்கைத் தொடவே இல்லை. நாங்கள் அவித்துத் தேங்காய்ப்பூவோடு உண்ணும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

ஆயினும் மரவள்ளி போரோடு மலாக்காவுக்கு வந்த பயிரன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே சீன முதலாளிகள் இம்மாநிலத்தின் காடுகளை அழித்து அதைப் பெருமளவில் பயிரிட்டனர். சில அறுவடைகளில் மண்ணின் சத்து வற்றிவிடும். நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு வேறு காட்டுக்குப் போய்விடுவார்கள். 1896இல் ஹென்ரி ரிட்லியின் தூண்டுதலால் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்று அது. நம் முன்னோர் பலரை இங்குக் கொண்டுவந்தது அந்தப் பயிர்தான்.

மாவுச்சத்து சர்க்கரையாவதை 1811இல் ரஷ்யாவில் கிர்ச்சோஃப் காட்டினார். நீர் கலந்த கந்தக அமிலத்தில் மாவுச்சத்தைக் காய்ச்சினார். ஆனால் அமிலம் கரைசலிலேயே கலந்து நிற்கும்; சுண்ணக்கட்டியிட்டுத்தான் அதை நீக்க வேண்டும். தோட்டத்தில் ரப்பர்ப் பாலை உறையவைக்க ஊற்றிய ஆசிட்டைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

திட வினையூக்கி இதற்கு மாறானது. தூளாக நீரில் கிடந்து வினையை விரைவுபடுத்தும். வேலை முடிந்ததும் வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். நிக்கல் போன்ற உலோகத் தூள்களின் இவ்வாற்றலை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். 1920களில் அமெரிக்கரான முர்ரே ரானே நுண்துளைகள் நிறைந்த நிக்கலை உருவாக்கினார். குளுக்கோஸ் கரைசலைச் சூடாக்கி, நிக்கலின் துணையோடு ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தினால் சோர்பிட்டால் கிடைக்கும். 1933இல் சுவிட்சர்லாந்தில் ரைக்ஷ்டைன் வகுத்த வழியில் அந்தச் சோர்பிட்டாலே வைட்டமின் சி செய்யவும் பயன்பட்டது.

உண்ணும் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாமா என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். 2006இல் ஜப்பானின் புக்குவோக்காவும் இந்தியாவின் பரேஷ் தேபேயும் நாம் உண்ண முடியாத செல்லுலோசையே சூடான நீரில், பிளாட்டினம் ஏற்றிய திட வினையூக்கியின் துணையோடு சோர்பிட்டாலாக மாற்றிக் காட்டினர். நம் செம்பனை ஆலைகளில் குவியும் வெற்றுக் குலைகளிலும் செல்லுலோஸ் உண்டு. அதனோடு பிணைந்திருக்கும் லிக்னினைப் பிரிப்பது எளிதன்று. எனினும் வழி தென்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த வெற்றுக் குலைகளைத் தோட்டங்களில் மரத்தடியில் பரப்புகிறார்கள். அவை மக்கி மண்ணுக்கு உரமாகின்றன. அவ்வளவையும் ஆலைக்கு அள்ளிச் சென்றால், அன்று மரவள்ளி செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். வினையூக்கியை வடிகட்டி மீட்கலாம். வற்றிய மண்ணை அவ்வாறு மீட்க இயலாது.

ஆசிரியர்களே, வகுப்பில் மரவள்ளியைப் பற்றிச் சொல்லும்போது இந்த மண்ணின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் வீட்டில் என் பாட்டியைப்போல் எழுந்து சென்றவர் இருந்தால், அதன் காரணத்தைப் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். அதுவும் வரலாறுதான்.