மாட்பியின் மகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நார்ஃபோக் மாவட்டத்தில், 15ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் என்னும் குடும்பத்தார் வாழ்ந்தனர். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பெருந்தொகுதியாக இன்றும் கிடைக்கின்றன. போர்களையும் அரண்மனைப் பூசல்களையும் எழுதும் வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வர். நாம் அவற்றில் தேடுவது ஒரு பெண்மணியின் வாழ்க்கையை. அவர் பெயர் மார்கரெட். தொகுதியில் ஏறத்தாழ நூறு கடிதங்கள் அவருடையவை. அவர் வாயால் சொல்ல, பிறர் எழுதியவை.

மார்கரெட்டின் தந்தை ஜான் மாட்பி, மாட்பி என்னும் ஊரின் பழங்குடி நிலக்கிழார். 1433இல் அவர் இறந்தபோது மார்கரெட் அவருக்கு ஒரே பிள்ளை. அந்நாட்டு வழக்கப்படி மூத்த மகனே நிலத்துக்கு உரியவன்; மகன் இல்லையேல் பெண்மக்கள் சமமாகப் பங்கிட்டுக்கொள்வர்; ஒரே பெண் எனில் முழுவதும் அவளுக்கே. ஆனால், உரிமை வேறு, ஆளுகை வேறு. மணமானதும் நிலத்தை ஆளும் அதிகாரம் கணவனைச் சேரும். உயிருடன் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், மனைவி இறந்த பின்னும் தன் ஆயுட்காலம் முழுவதும் அவன் அதை அனுபவிக்கலாம். எனினும் அவள் இசைவின்றி அதை நிலையாக விற்றுவிட முடியாது. கணவன் முந்தி இறந்தாலோ, நிலம் அவள் கைக்கே திரும்பும். இந்தக் கடைசி விதியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

இத்தகைய பெண்ணை மருமகளாக்கிக்கொள்ளப் பாஸ்டன் குடும்பத்துக்கு வலுவான காரணம் இருந்தது. அக்குடும்பத்தின் முன்னோர் கிளமெண்ட் ஏர் பிடித்து உழுதவர் என்று பகைவர் எழுதிவைத்த குறிப்பொன்று உண்டு. அவர் தம் மகன் வில்லியமைச் சட்டம் படிக்க வைத்தார். வில்லியம் நீதிபதியாக உயர்ந்து, ஈட்டிய பொருளையெல்லாம் நிலமாக்கினார். 1420இல் ஆக்னஸ் பெரி என்னும் மற்றொரு வாரிசுப் பெண்ணை மணந்தார். ஆயினும் புதிதாக வாங்கிய நிலத்துக்கு வழக்குகள் மிகுதி. புதிதாகப் பெற்ற மதிப்புக்கு ஏளனங்கள் மிகுதி. மாட்பியின் நிலமும் பெயரும் அக்குறை இரண்டையும் நிறைக்கவல்லவை.

1440ஆம் ஆண்டையொட்டி ஆக்னஸ் தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த முதல் சந்திப்பைக் காண்கிறோம். ரீடம் என்னும் ஊரிலிருந்து பெண் வந்து சேர்ந்தாள், மகன் ஜானை இன்முகத்தோடு எதிர்கொண்டாள், பேச்சு வார்த்தை நீளத் தேவையிராது என்று மாமியார் மகிழ்ந்து எழுதுகிறார். நீங்கள் மேலங்கி வாங்கினால் பெண்ணின் தாயார் மென்மயிர்த் தோல் தருவார். நீலமோ நல்ல சிவப்போ இருக்கட்டும் என்கிறார். திருமண வீட்டாரின் கணக்கு எந்த நாட்டிலும் இப்படித்தான் போலும்.

நிலத்துக்காக அமைந்த அந்த மணத்தில் அன்பும் முளைத்தது. 1441 டிசம்பரில், கருவுற்றிருந்த மார்கரெட் தம் இடைக்கச்சை இனிப் போதாது என்று வேடிக்கையாக எழுதி, புனித மார்கரெட்டின் உருவம் பதித்த மோதிரத்தைக் கணவருக்கு அனுப்பினார்; தாம் ஊர் திரும்பும்வரை அதை அணிந்திருங்கள் என்றார். பேறுகாலப் பெண்களின் பாதுகாவலி அப்புனிதை. 1443இல் ஜான் லண்டனில் நோயுற்றபோது, மாமியார் அவர் எடைக்கு எடை மெழுகு உருவத்தை வால்சிங்கம் அன்னைக்கு நேர்ந்துகொண்டார். மார்கரெட் அங்கே திருயாத்திரை செல்வதாக நேர்ந்தார்.

கணவர் வழக்குகளுக்காக லண்டனிலேயே தங்க, நிலங்களைக் காத்தவர் மார்கரெட். 1448இல் மோலின்ஸ் பிரபு கிரஷம் என்னும் பண்ணையைக் கைப்பற்றினார். அப்போது எழுதிய கடிதத்தில், குறுக்கு வில்களும் அம்புகளும் அனுப்பும்படி கேட்ட கையோடு, வாதுமைப் பருப்பும் சர்க்கரையும் பிள்ளைகளின் ஆடைக்குத் துணியும் கேட்கிறார். 1450 ஜனவரியில் மோலின்ஸின் ஆட்கள் அவர் இருந்த அறையின் சுவரைத் தோண்டி இடித்து, அவரைத் தூக்கி வெளியே விட்டனர். 1465இல் சஃபோக் பிரபுவின் ஆட்கள் ஹெல்ஸ்டன் மாளிகையைச் சூறையாடினர். அவ்வூர்க் கோயிலும் தப்பவில்லை. அதற்குள் பாஸ்டன்களை இன்னொரு பெரும் வழக்கு பிடித்திருந்தது. சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் 1459இல் பிள்ளையின்றி இறந்தார். அவருடைய கைஸ்டர் கோட்டை தமக்கே எழுதப்பட்டது என்றார் ஜான். அந்த வழக்கிலேயே அவர் ஆயுள் தேய்ந்து, 1466 மே மாதத்தில் லண்டனில் இறந்தார்.

இப்போது சட்டத்தின் கடைசி விதி பலித்தது. கிரஷமும் ஹெல்ஸ்டனும் கைஸ்டரும் கைமாறியும் மீண்டும் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, எவரும் அசைக்க முடியாத சொத்தாக மாட்பி நிலம் அதன் மகளிடம் திரும்பியது. மூத்த மகனுக்கும் இளையவனுக்கும் ஜான் என்றே பெயர். மூத்தவர் சர் ஜான் அரசவையையே சுற்றிவந்தவர். கையில் காசு தங்காதவர். மகனுக்காக மார்கரெட் உறவினர் ஒருவரிடம் 100 மார்க் கடன் வாங்கித் தவித்தார். ஸ்போர்ல் என்னும் பண்ணையை மகன் விற்க முனைந்தபோது, அதை விற்றால் தம் நிலத்தில் அதைப்போல் இருமடங்கு மதிப்புள்ளதை அவனுக்கு எழுதாமல் விடுவதாக எச்சரித்தார். பட்டம் பெற்ற மகனும் அஞ்சும்படி பேசும் வலிமையை அவருக்குத் தந்தது தந்தையின் நிலமே.

ஆனால் அதே தாயார் தம் மகளிடம் நடந்துகொண்ட முறையை நாம் மறைக்க இயலாது. மார்ஜரி, குடும்பத்தின் கணக்குகளைப் பார்த்த ரிச்சர்டு காலை விரும்பி, எவரும் அறியாமல் அவரோடு திருமண வாக்கைப் பரிமாறிக்கொண்டாள். காலின் குடும்பம் கடை வணிகக் குடும்பம். ஃபிராம்லிங்கம் ஊரில் தங்கை மெழுகுவர்த்தியும் கடுகும் விற்பதா என்று சினந்தார் இளைய ஜான். உழவன் பேரர் என்ற ஏச்சு இன்னும் ஆறாத வீட்டில் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

திருச்சபையின் சட்டம் இங்கே குறுக்கிட்டது. மணம் புரியத் தடையில்லாத ஆணும் பெண்ணும் நிகழ்காலச் சொற்களால் ஒருவரையொருவர் ஏற்றால் அதுவே திருமணம் என்பது, 12ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் உறுதிசெய்த நெறி. பெற்றோர் இசைவு வேண்டுவதில்லை. குருவும் சாட்சியும்கூட வேண்டுவதில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் மறைவான மணத்தைக் கண்டித்து, முன்னறிவிப்பைத் திருச்சபை முழுதுக்கும் விதித்தது. நம் கோயில்களில் வாசிக்கும் திருமண ஓலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. எனினும் மறைவான மணம் பாவமாயிருந்தும் செல்லுபடியாகவே இருந்தது. குருவும் இரு சாட்சிகளும் இன்றி மணம் இல்லை என்று திரிதெந்து பொதுச்சங்கம் விதித்தது 1563இல். அப்போதும், பெற்றோர் இசையாத மணம் செல்லாது என்போரை அச்சங்கம் கண்டித்தது. பிள்ளைகளின் மணத்தைத் தாமே நிச்சயிக்கும் பெற்றோர் இதைப் பலமுறை சிந்திப்பது நன்று.

1469 செப்டம்பரில் நாரிச் ஆயர் வால்டர் லைஹெர்ட் இருவரையும் விசாரித்தார். மார்கரெட்டும் ஆக்னஸும் ஆயரிடம் முன்னரே முறையிட்டிருந்தனர். ஆயர் மார்ஜரியிடம் அவளது குடிப்பிறப்பையும், உற்றாரை இழந்தால் வரும் இடரையும் எடுத்துச் சொல்லி, என்ன சொற்கள் சொன்னாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவை போதாவெனில் இங்கேயே இன்னும் உறுதியாகச் சொல்கிறேன் என்றாள். மனச்சாட்சியில் தான் கட்டுண்டவளே என்றாள். காலைத் தனியே விசாரித்தபோது, அவர் சொன்ன சொற்களும் ஒத்திருந்தன. ஆயர் தீர்ப்பை ஒத்திவைத்துப் பார்த்தார். ஆனால் அந்த மணத்தைக் குலைக்க வழி இல்லை. தாயார் மகளை வீட்டில் சேர்க்கவில்லை. இழந்தது பயனற்ற ஒருத்தியைத்தான், நெஞ்சில் வைத்துக்கொள்ளாதே என்று சர் ஜானுக்கு எழுதியவர், இது உன் நெஞ்சையும் என் நெஞ்சையும் நெருங்கிச் சுடுகிறது என்பதையும் அதே மடலில் சொல்லிவிட்டார். அந்த நாள்களில்தான் கைஸ்டர் கோட்டையை நார்ஃபோக் பிரபு முற்றுகையிட்டிருந்தார். உள்ளே நின்று காத்தவர் இளைய ஜான். மகளுக்குக் கதவடைத்த குடும்பம் கணக்குப் பார்க்கக் கால் இன்றி முடியாமல், பின்னர் அவரைப் பணியில் வைத்துக்கொண்டது!

சர் ஜானின் நிலையும் விந்தையே. ஆன் ஹாட் என்பவரோடு தாம் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து விடுபட அவர் உரோமை வரை முயன்று, 1477இல்தான் விடுதலை பெற்றார். மணம் புரியாமலே 1479இல் இறந்தார். மாட்பி நிலம் இளைய ஜானுக்கென்று ஆனது.

மார்கரெட் 1482 பிப்ரவரியில் உயில் எழுதி, 1484 நவம்பரில் இறந்தார். கணவர் புரோம்ஹோம் மடத்தில் அடக்கமாகியிருக்க, தம்மை மாட்பி கோயிலின் தென்புற நடையில், முன்னோர் நடுவே, தேவதாயின் உருவத்துக்கு முன் அடக்கம் செய்யச் சொன்னார். கல்லறையின் நான்கு மூலைகளிலும் மாட்பி குலச் சின்னம் உறவுக் குடும்பங்களின் சின்னங்களோடு இணைந்திருக்க வேண்டும். அவற்றுள் பாஸ்டனுடையது ஒன்று மட்டுமே. நடுவில் அவருடைய சின்னம் தனித்து நிற்க வேண்டும்; எழுத்தில் ஜான் பாஸ்டனின் மனைவி என்பதோடு, ஜான் மாட்பியின் மகளும் வாரிசும் என்பதும் வேண்டும். அந்தத் தென்புற நடை இன்று இல்லை. குடிகளில் ஏழைகள் பன்னிருவர் வெள்ளாடை உடுத்தி விளக்கேந்த வேண்டும் என்றும், நாரிச் நகரின் துறவிகளுக்கும் தொழுநோயாளருக்கும் கொடை தர வேண்டும் என்றும் உயில் பணிக்கிறது.

பேரப்பிள்ளைகளுக்கான பகுதியில் இரு பெயர்களைக் காண்கிறோம். ஒன்று, சர் ஜானுக்கு மணத்துக்குப் புறம்பே பிறந்த கான்ஸ்டன்ஸ். அவளுக்கு 20 வயதில் 10 மார்க். மற்றொன்று, மார்ஜரியின் மகன் ஜான் கால். அவனுக்கு 24 வயதில் 20 பவுண்டு. அவன் அதற்குமுன் இறந்தால், அத்தொகை அவன் தம்பியர் வில்லியம், ரிச்சர்டு இருவருக்கும் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.