கட்டு எதுவோ அதற்கேற்ற சொல்

பட்டத்தின் நூலில் சிக்கித் தவித்த காகம் ஒன்றைத் தீயணைப்பு வீரர் காப்பாற்றுவதை ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லியிருந்தேன். வீரர் காகத்தை ‘எமான்சிபேட்’ செய்தார் என்று ஒரு மாணவர் எழுதி வந்தார். சிவப்பு மையால் அடித்தேன். அவர் விடவில்லை. “அகராதியில விடுவித்தல்னுதானே சார் போட்டிருக்கு?” என்றார். அகராதி அப்படித்தான் சொல்கிறது. எக்ஸ்ட்ரிகேட் என்பதற்கும் அதே பொருள். டிஸ்என்டேங்கிள் என்பதற்கும் ஏறக்குறைய அதே. அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் போன விடையை இந்த மலரில் எழுதுகிறேன்.

சிக்கலிலிருந்து மீட்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு டஜனுக்கு மேல் சொற்கள் உண்டு. நம் நிகண்டுகளைப் போல, சொற்களை அகரவரிசை பாராமல் பொருள்வழியே தொகுத்தார் பீட்டர் மார்க் ரோஜே. மருத்துவரான அவர் தம் ‘தெசாரஸ்’ நூலை 1852-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 73. அத்தகைய நூலில் இச்சொற்கள் அருகருகே நின்று, எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற மயக்கத்தைத் தரும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு கட்டு இருக்கும். ஒன்றில் கால்தளை, ஒன்றில் நூல், ஒன்றில் அடகு, ஒன்றில் தகப்பனின் கை.

காலில் இருந்து தொடங்குவோம். ‘எக்ஸ்பெடைட்’ என்ற சொல்லின் நடுவே இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர். காலைத் தளையிலிருந்து கழற்றுவதே அதன் முதற்பொருள். தளை பூட்டுவது ‘இம்பீட்’. ரோமானியப் படை தன் மூட்டை முடிச்சுகளுக்கு ‘இம்பெடிமென்டா’ என்றே பெயர் வைத்திருந்தது. தளை கழன்ற கால் ஓடும் அல்லவா? அதனால் இன்று எக்ஸ்பெடைட் என்பது விடுதலையை மறந்து விரைவை மட்டும் சொல்கிறது. கோப்பின் ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதும் அதிகாரிக்குத் தாம் ஒரு விலங்கைக் கழற்றச் சொல்கிறோம் என்பது நினைவில் இராது.

‘எக்ஸ்ட்ரிகேட்’ சொல்லில் இருப்பது ‘ட்ரைகே’. அற்பத் தொல்லைகள், பிக்கல் பிடுங்கல்கள் என்று பொருள். இத்தாலியின் அபூலியாவில் ட்ரிகா என்ற ஊர் இருந்ததாகவும், அதன் பெயரே கேலிச்சொல்லாகிவிட்டதாகவும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். பின்னலான எதையும் சொல்லும் ‘இன்ட்ரிகேட்’, சூழ்ச்சியைச் சொல்லும் ‘இன்ட்ரீக்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள். அற்பத்தில் பிறந்த சொல் இன்று உயிர்காக்கும் வேலைக்குப் பெயராகியிருக்கிறது. விபத்தில் நசுங்கிய காரின் தகட்டை ஹைட்ராலிக் கருவிகளால் விரித்தும் அறுத்தும் உள்ளே இருப்பவரை வெளியே எடுப்பதை மீட்புப் படையினர் ‘எக்ஸ்ட்ரிகேஷன்’ என்கிறார்கள். ஆள் வெளியே வந்துவிடுகிறார். கார் நசுங்கியபடியே கிடக்கிறது. இதுதான் இந்தச் சொல்லின் குணம். மாட்டிக்கொண்டவர் தப்பினால் போதும், சிக்கல் சிக்கலாகவே இருக்கலாம். கடன் தகராறிலிருந்து ஒருவர் தம்மை எக்ஸ்ட்ரிகேட் செய்துகொண்டார் என்றால், தகராறு தீர்ந்தது என்று பொருளாகாது.

‘டிஸ்என்டேங்கிள்’ அப்படியில்லை. அது சிக்கெடுப்பது. தலைமுடியில் சிக்கெடுப்பதுபோல, இழை இழையாகப் பார்த்து, எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று கண்டு பிரிப்பது. முடிவில் சிக்கல் இல்லை. எல்லா இழைகளும் அறுபடாமல் இருக்கின்றன. இதற்குப் பொறுமை வேண்டும். பெரிய அலெக்சாண்டர் கி.மு. 333-இல் கோர்டியத்தில் அவிழாத முடிச்சை வாளால் வெட்டினார் என்பது பரவலாக வழங்கும் கதை. அந்தக் கதைக்கு எந்தச் சொல்லும் பொருந்தலாம், டிஸ்என்டேங்கிள் பொருந்தாது.

‘அன்ராவல்’ இன்னும் வேடிக்கையானது. ‘ராவல்’ என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து வந்தது. அதற்குச் சிக்காக்குதல் என்றும் பொருள், சிக்கெடுத்தல் என்றும் பொருள். முன்னே ‘அன்’ சேர்த்தாலும் பிரிதல் என்ற பொருளே நிற்கிறது. இது எப்படி? பழைய வேட்டியின் ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றை இழுத்துப் பாருங்கள். நெசவு குலைகிறது, இழை தனியே வருகிறது, வந்த இழை மடியில் விழுந்து சிக்காகிறது. ஒரே இழுப்பில் இரண்டும் நடந்துவிட்டன. இழையின் பக்கம் நின்றால் விடுதலை, துணியின் பக்கம் நின்றால் அழிவு. அதனால்தான் ஆங்கில நாளிதழில் மர்மம் அன்ராவல் ஆனால் துப்புத் துலங்கியது என்று பொருள். ஒப்பந்தம் அன்ராவல் ஆனால் எல்லாம் பாழ் என்று பொருள்.

அடுத்து, சொத்தும் அடகும். ‘டிஸ்என்கேஜ்’ சொல்லில் ‘கேஜ்’ என்பது ஈடு. ‘மார்ட்கேஜ்’ என்பதிலும் அதே ஈடுதான். ஓட்டுநர் கிளட்சை மிதித்து எஞ்சினைச் சக்கரத்திலிருந்து டிஸ்என்கேஜ் செய்யும்போது, பழைய பிரெஞ்சு அடகுச் சொல் ஒன்றைக் காலால் மிதிக்கிறார். ‘ரெடீம்’ என்பது விலை கொடுத்துத் திரும்ப வாங்குதல். பணயத்தொகையைச் சொல்லும் ‘ரான்சம்’ அதே லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்த வடிவம். நகையை மீட்கிறோம், இயேசுவை மீட்பர் என்கிறோம். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் இந்த ஒரு சொல்லே. ‘என்கம்பரன்ஸ்’ என்பதன் அடியில் பாதையை மறிக்கும் தடையைக் குறித்த பழைய சொல் உள்ளது. நிலம் வாங்கும் முன் பதிவு அலுவலகத்தில் நாம் கேட்டு வாங்கும் வில்லங்கச் சான்றிதழ் அந்தத் தடையின் கணக்குதான்.

இனி மாணவரின் சொல். ‘எமான்சிபேட்’ என்பதில் கையும் பற்றுதலும் இருக்கின்றன. ரோமானியச் சட்டத்தில் தகப்பனின் அதிகாரம் மகனின் தலை நரைத்த பிறகும் நீங்காது, தகப்பன் உயிரோடு இருக்கும்வரை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டம் ஒரு வழி விட்டது. மகனை மூன்று முறை விற்ற தகப்பன் அவன்மீது உரிமை இழப்பான். பின்வந்த வழக்கறிஞர்கள் இதையே விடுதலைச் சடங்காக்கினார்கள். வயதுவந்த ரோமானியக் குடிமக்கள் ஐவர் சாட்சி; இன்னொருவர் கையில் வெண்கலத் தராசு. நம்பிக்கையான நண்பர் ஒருவர் மகனைக் கையால் பற்றி, வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி ‘வாங்குவார்’, உடனே விடுவிப்பார், மகன் தகப்பனிடமே திரும்புவான். மீண்டும் விற்பனை, மீண்டும் விடுதலை. மூன்றாம் விற்பனையோடு தகப்பனின் பிடி சட்டப்படி அறும். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு விற்பனையே போதும்.

அடிமையை விடுவிப்பதற்கு ரோமானியர் வைத்திருந்த சொல் வேறு: ‘மேனுமிட்’, கையிலிருந்து அனுப்புதல். மகனுக்கு உரிய சொல்லை ஆங்கிலம் பிற்காலத்தில் அடிமைக்கும் தந்தது. 1863 ஜனவரி 1 அன்று அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட பிரகடனம் அந்தச் சொல்லாலேயே அறியப்படுகிறது. அது கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிய 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் வேண்டியிருந்தது. சட்டம் போட்ட கட்டைச் சட்டம்தான் அவிழ்க்க வேண்டும். எமான்சிபேட் சொல்லுக்குள் இருப்பது அதுவே.

இவற்றில் எதுவும் வாய்க்காதபோது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ஒன்று இருக்கிறது: ‘ஃப்ரீ’. அதற்குள் எந்தக் கட்டும் இல்லை. அன்பைக் குறிக்கும் தொல்வேரிலிருந்து வந்தது அது. வடமொழிப் ‘பிரிய’வும் அதன் உறவு, ‘ஃப்ரெண்ட்’டும் உறவு. அடிமையாக இல்லாமல் வீட்டாரின் அன்புக்குரியவராக இருப்பவரே ஃப்ரீ.

மாணவருக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எதிலிருந்து விடுபட்டது என்று முதலில் கேளுங்கள், பிறகு சொல்லைத் தேடுங்கள். வீரர் நூலைச் சிக்கெடுத்திருந்தால் டிஸ்என்டேங்கிள். நூல் கிளையிலேயே கிடக்கக் காகத்தை மட்டும் உருவி எடுத்திருந்தால் எக்ஸ்ட்ரிகேட். கத்தியால் வெட்டிவிட்டிருந்தால் ஃப்ரீ. எமான்சிபேட் என்று எழுதினால் மட்டும் இன்றும் அடிப்பேன். அந்தக் காகத்தை யாரும் மூன்று முறை விற்கவில்லை.