செல்மா ஆலயத்தின் கடைசி பெஞ்சு

அன்பு மாணவ மாணவியரே, உறவினர்களே,

போன வருஷம் லெந்து நாட்களில் நான் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பனியில் நின்று எடுத்த படங்களுக்கெல்லாம் லைக் போட்டீர்கள். ஆனால் அங்கே கேட்டு வந்த ஒரு விஷயத்தை எழுதாமல் ஒரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பொறுத்தவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு எப்பிஸ்கோப்பல் ஆலயம். எப்பிஸ்கோப்பல் என்றால் பேராயர்களை உடைய சபை என்று பொருள். இங்கிலாந்துத் திருச்சபையாக இருந்தவர்கள், சுதந்திரப் போருக்குப் பிறகு இங்கிலாந்து அரசருக்குக் கட்டுப்பட முடியாது என்பதால் 1789இல் தனிச் சபையாக அமைந்தார்கள். நம்முடைய தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. ஆகவே இரண்டு வீட்டுக்கும் பாட்டன் ஒருவரே. அவர்கள் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் முழங்கால் படியிட வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது.

லெந்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை ஆலயத்து ஹாலில் பேன்கேக் விருந்து. நோன்பு தொடங்குமுன் வீட்டிலுள்ள முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும் என்ற பழைய இங்கிலாந்து வழக்கத்திலிருந்து வந்தது அது. மறுநாள் சாம்பல் புதன். முந்தின வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலில் நெற்றியில் சிலுவை போட்டார்கள். பிறகு வாரம் ஒரு மாலை எல்லோரும் ஹாலில் கூடி, ரொட்டியும் சூப்பும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, ஒரு புத்தகத்தையோ ஒரு மனிதரின் வாழ்க்கையையோ எடுத்துப் பேசினார்கள். சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசு ஏழைகளுக்கான உணவு நிலையத்துக்குப் போனது. பெரிய வியாழன் அன்று கால் கழுவும் ஆராதனை. ஈஸ்டர் காலையில் பீடம் நிறைய வெள்ளை லில்லிப் பூ. ஒவ்வொரு பூச்சட்டியும் இறந்துபோன ஒருவர் நினைவாக யாரோ கொடுத்தது. ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் புல்வெளியில் முட்டை தேடி ஓடினார்கள். என் பேத்திக்கு ஏழு முட்டை கிடைத்தது!

ஒரு சூப்பு மாலையில் அவர்கள் எடுத்துப் பேசியது ஜோனத்தன் டேனியல்ஸ் என்ற இளைஞனைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்திய எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன்.

1965ஆம் வருஷத்துக் காலண்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 18. சாம்பல் புதன் மார்ச் 3. லெந்தின் முதல் ஞாயிறு மார்ச் 7. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊரிலிருந்து சுமார் 600 கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு நடந்தார்கள். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அவர்களை அடித்து விரட்டியது. மார்ட்டின் லூதர் கிங் நாடெங்குமுள்ள குருமார்களை செல்மாவுக்கு வரச் சொல்லி அழைத்தார்.

டேனியல்ஸ் அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து எப்பிஸ்கோப்பல் இறையியல் கல்லூரியில் குருவானவர் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். வெள்ளை இளைஞன், வயது 25, டாக்டர் வீட்டுப் பிள்ளை. கொஞ்ச காலம் விசுவாசத்தை விட்டு விலகியிருந்து, 1962 ஈஸ்டர் அன்று பாஸ்டன் நகரத்து ஆலயம் ஒன்றில் மறுபடி திரும்பியவன். அழைப்பு வந்த அன்று மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டு பாடினார்கள். நம் ஜெப புத்தகத்திலும் உள்ள அதே பாட்டுதான், நானும் ஆயிரம் முறை பாடியிருப்பேன். பெருமைக்காரரைத் தள்ளி எளியவரைத் தூக்கிவிடுகிற கடவுளைப் பற்றிப் பாடும்போது, தான் செல்மாவுக்குப் போகத்தான் வேண்டும் என்று அவனுக்குத் தெளிவானதாம். பின்னால் அவனே எழுதி வைத்திருக்கிறான்.

மற்றவர்களோடு போனவன், அவர்களோடு திரும்ப வேண்டியவன். ஆனால் அவனும் ஜூடித் அப்ஹாம் என்ற சக மாணவியும் திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அங்கே தங்கிய ஓரிரு நாளில் அவர்களுக்கு ஒன்று உறைத்தது. வந்து நடந்து படமெடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் இந்த மக்கள் இதே ஊரில் அல்லவா வாழ வேண்டும்? கல்லூரியில் அனுமதி வாங்கிக்கொண்டு மறுபடி செல்மாவுக்கே வந்து, கறுப்பினக் குடும்பங்களோடு தங்கினார்கள்.

மார்ச் 21, லெந்தின் மூன்றாம் ஞாயிறு. செல்மாவிலிருந்து தலைநகர் மாண்ட்கோமரிக்கு 54 மைல் நடைப்பயணம் புறப்பட்டது. மார்ச் 25 அன்று போய்ச் சேர்ந்தபோது கூட்டம் சுமார் 25,000. சபைக் காலண்டரில் மார்ச் 25 மரியாளுக்குத் தூதன் நற்செய்தி சொன்ன திருநாள். இதை யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த இடம். செல்மாவில் பரிசுத்த பவுல் எப்பிஸ்கோப்பல் ஆலயம் இருக்கிறது. 1870களில் கட்டிய அழகான செங்கல் கட்டடம். உறுப்பினர் எல்லோரும் வெள்ளையர். டேனியல்ஸும் நண்பர்களும் கறுப்பின இளையவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போனார்கள். முதலில் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் இன்னின்ன நிறத்தார் ஆராதனைக்கு வரக்கூடாது என்று எந்த ஆலயமும் தடுக்கக் கூடாது என அந்தச் சபையின் பொதுப் பேரவை முந்தின வருஷம்தான், 1964இல், சட்டமே போட்டிருந்தது. உள்ளூர் குருவானவர் அந்தச் சட்டத்தைத் தன் கமிட்டிக்கு எடுத்துச் சொல்ல, பேச்சுக்குப் பிறகு அந்த லெந்திலேயே கதவைத் திறந்தார்கள்.

ஆனால் உட்கார வைத்தது கடைசி பெஞ்சில். நற்கருணைக்கு மற்ற எல்லோரும் போய் வந்த பிறகு, கடைசியாக அழைத்தார்கள்.

நற்கருணையில் எல்லோருக்கும் ஒரே பாத்திரம் என்பது ஆலயத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குருவானவர் ஒரே கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து எடுப்பார். கடைசியாக வா என்றால், உன் வாய் பட்ட கிண்ணத்தில் என் வாய் படக் கூடாது என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இடத்தைக் காட்டினால் போதும். குருத்தோலையும் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் வந்த அந்த நாட்களில் உள்ளே விட்டாயிற்று என்று ஆலயத்தார் நினைத்தார்கள். இன்னும் வாசலில்தான் நிற்கிறோம் என்று வந்தவர்கள் நினைத்தார்கள்.

டேனியல்ஸும் நண்பர்களும் அலபாமா பேராயர் சார்ல்ஸ் கார்ப்பென்டருக்குக் கடிதம் எழுதி இதைக் கண்டித்தார்கள். இந்தப் பேராயர் நமக்கு வேறு விதத்தில் தெரிந்தவர். 1963 பெரிய வெள்ளி, ஏப்ரல் 12. பர்மிங்ஹாம் நகரத்தில் கிங் கைதானார். ஈஸ்டர் துணிமணி வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்ன போராட்டம் அது. அதே நாளில் வெள்ளை மதத்தலைவர்கள் எட்டுப் பேர், அவசரப்படாமல் பொறுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். அதில் கார்ப்பென்டர் ஒருவர். அந்த எட்டுப் பேருக்கு ஈஸ்டர் வாரத்தில் கிங் எழுதிய பதில்தான், நான் உங்களுக்கு வகுப்பில் சொன்ன பர்மிங்ஹாம் சிறைக் கடிதம்.

டேனியல்ஸ் மே மாதம் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு ஜூலையில் மறுபடி அலபாமா வந்தான். ஆகஸ்ட் 14 அன்று ஒரு மறியலில் கைதாகி ஹெய்ன்வில் ஊர்ச் சிறையில் ஆறு நாள். ஆகஸ்ட் 20 வெளியே விட்டார்கள். வெயில். குளிர்பானம் வாங்கப் பக்கத்துக் கடைக்கு நான்கு பேர் போனார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். அவன் குறிவைத்தது ரூபி சேல்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பெண்ணை. டேனியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டு அந்தக் குண்டை வாங்கிக்கொண்டான். வயது 26. சுட்டவனை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றமற்றவன் என்று விடுதலை செய்தது. ரூபி சேல்ஸ் பிற்காலத்தில் டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரியில் போய்ப் படித்தார்.

1991இல் எப்பிஸ்கோப்பல் சபை டேனியல்ஸைத் தன் காலண்டரில் சேர்த்தது. ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் ஹெய்ன்விலுக்கு யாத்திரை போகிறார்கள். கொலைகாரனை விடுவித்த அதே கோர்ட்டில், நீதிபதியின் மேசையைப் பீடமாக்கி நற்கருணை நடத்துகிறார்கள். அன்று கடிதம் வாங்கிய அதே சபைதான் இன்று அதை நடத்துகிறது. மாறுவதற்குப் பல வருஷம் ஆனது. ஆனால் தாங்கள் செய்ததை மறைக்காமல் பேசுகிறார்கள். அந்த சூப்பு மாலையில் எனக்கு உறைத்தது அதுதான்.

ஏன் உறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாட்டை விட்டே தீர வேண்டும் என்று கடிதம் எழுதினார். தனித்தனி இருக்கை, நற்கருணையில் முன்னே பின்னே என்பதெல்லாம் அதில் பட்ட விஷயங்கள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிட சபையை விடுவதே மேல் என்று வெளியேறினார்கள். இதை நான் எம்.ஏ. படிக்கும்போதே படித்தவன். எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

எண்பதுகளில் ஒரு நாள், பத்தாம் வகுப்பு. மாண்ட்கோமரி பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்த கதையை உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், எங்க ஊர்க் கோயில்லயும் எங்க தெரு ஆளுங்க பின்னாடிதான் சார் உக்காரணும். ராப்போஜனத்துக்கும் கடைசிலதான் போவோம். அதுவும் இதுவும் ஒண்ணுதானே சார்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. முன் வரிசையில் அதே கோயிலைச் சேர்ந்த இன்னொரு தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் சொன்னது: "பாடத்துல இல்லாததைக் கேக்காத. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பயம். நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் நடந்த அநியாயத்தைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது. பக்கத்து ஊர் என்றதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இதைப் படித்தால் உனக்கே தெரியும். நீ கேட்டது சரியான கேள்வி. பதில், ஆமாம், இரண்டும் ஒன்றுதான். நாற்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். மன்னித்துக்கொள்.

உறவினர்களே, இதைப் படித்துச் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். போனில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இந்த ஈஸ்டர் காலையில் உங்கள் ஆலயத்தில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நானும் இந்த வருஷம் என் வழக்கமான முன் பெஞ்சை விட்டுப் பின்னால் போய் உட்காரப் போகிறேன். முழங்கால் வலி இருக்கிறது. ஆகவே நற்கருணைக்கு மெதுவாகத்தான் வருவேன், கடைசி ஆளாக.

எல்லோருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்