காஞ்சிப் பட்டும் கோர்வைக் கரையும்

காஞ்சிபுரத்தில் பட்டுப்பூச்சி வளர்வதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்குப் பேர்போன ஊர் குஜராத்தில் இருக்கும் சூரத். காஞ்சியிலேயே ஜரிகை செய்ய அரசு நிறுவனம் ஒன்று வந்ததே 1971ல்தான். அப்படியானால் காஞ்சிப் பட்டில் காஞ்சிக்குச் சொந்தமானது எது? நெசவுதான்!

இந்த ஊரின் நெசவு பழமையானது. விஜயநகர ஆட்சியில் கைக்கோளர் என்ற நெசவாளர்கள் பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவர்கள் அன்று நெய்ததில் பெரும்பகுதி பருத்தி. பட்டு இந்த அளவுக்கு ஓங்கியது பிற்காலத்தில்தான். பல்லவர் காலம் முதலே இதே சேலை என்று கடைகளில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

இதன் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனியாக நெய்து தைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரே தறியில் மூன்று நாடாக்கள் ஓடும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு வரியிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ளும். அதனால்தான் சேலை நைந்தாலும் கரை பிரிவதில்லை என்பார்கள். முந்தானை வேறு நிறமென்றால் அதற்கான பாவு நூலை உடலின் பாவோடு இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பார்கள். இதற்குப் பேட்னி என்று பெயர்.

ஆனால் நெசவாளர் ஒருவரால் மூன்று நாடாவையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். நெடுங்காலம் அங்கே உட்கார்ந்தது குழந்தைகள். சொந்தப் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அனுப்பப்பட்ட பிள்ளைகளும்தான். கல்யாணப் பெண்ணின் சேலையில் அந்தக் கை தெரியாது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பிறகு நடந்த தொடர் முயற்சிகளால் பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனார்கள். நல்லதுதான். அதன்பின் ஒரு சேலைக்கு இரண்டு பெரியவர்களின் கூலி தேவைப்பட்டது. அதைக் கொடுக்க வாங்குபவர்கள் எல்லோரும் தயாராக இல்லை. எனவே ஒரே நாடாவில் நெய்யும், கோர்வை இல்லாத சேலைகள் பெருகின. 2005ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். கூலி வேறு பிரச்சினை.

கோர்வையைக் கண்டறிவது எளிது. சேலையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தால் மேடு தட்டுப்படும்.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளி சுற்றித் தங்கம் பூசியது. தங்கம் ஒரு சதவீதம்கூட இருக்காது. காற்றுப் பட்டாலே வெள்ளி கறுக்கும், சென்ட் பட்டால் சீக்கிரமே கறுக்கும். பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது, பழைய வேட்டியில் சுற்றி வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஜரிகை அந்த இடத்திலேயே ஒடியும். கிழிந்த சேலையை வெள்ளிக்காக எடைக்கு வாங்கி எரிப்பவர்கள் உண்டு. பாட்டியின் சேலையைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கரையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.