மௌனமாகும் மரபணுக்கள்: மரபணு சிகிச்சையின் முன்னுள்ள சவால்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபணு சிகிச்சை பெற்ற, கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயுள்ள ஐந்து பேரில் எவருக்கும் அதன் பிறகு ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று, 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் இந்நோயாளிகளின் உடலில் போதிய அளவில் உருவாவதில்லை. அதற்கான மரபணு, நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட லென்டிவைரஸ் மூலம் அவர்களது ஸ்டெம் செல்களில் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இம்முயற்சியில் பங்கேற்றது.

ஆனால் இவ்வாறு செலுத்தப்படும் மரபணு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து இயங்குமா என்பது இத்துறையின் நெடுநாளைய கேள்வி.

உயிரணுவின் தற்காப்பு

வெளியிலிருந்து நுழையும் வைரஸ் மரபணுக்களை அடக்கிவைக்கும் ஆற்றல் மனித உயிரணுக்களுக்கு உண்டு. மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற பகுதியில் மெத்தில் எனும் வேதிக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன; டிஎன்ஏ இழை இறுகச் சுருண்டுகொள்கிறது. மரபணு அழிவதில்லை, ஆனால் புரத உற்பத்தி நின்றுவிடுகிறது.

ஃபிராங்பர்ட் தந்த பாடம்

கிருமிகளைக் கொல்ல வெள்ளையணுக்களால் இயலாத பரம்பரை நோயுள்ள இருவருக்கு ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரில் அளிக்கப்பட்ட சிகிச்சை, தொடக்கத்தில் வெற்றி பெற்றதாக 2006ல் அறிவிக்கப்பட்டது.

அதில் பயன்படுத்தப்பட்ட வைரஸ் சுவிட்ச் பின்னர் மெத்தில் சேர்ந்து மௌனமானது என 2010ல் தெரியவந்தது. எனினும் அந்த சுவிட்சை வலுப்படுத்தும் பகுதி மட்டும் அடங்கவில்லை. அது நோயாளிகளின் சொந்த மரபணுக்களைத் தூண்டிவிட, இருவரது ரத்த உயிரணுக்களிலும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின.

தடுக்கும் வழிகள்

மெத்தில் ஒட்டும் இடங்களைக் குறைப்பது ஒரு வழி. செலுத்தப்படும் மரபணுவின் இரு முனைகளிலும் காப்பு வேலி போன்ற டிஎன்ஏ துண்டுகளை வைப்பது மற்றொன்று. கோழியின் மரபணுத் தொகுதியில் கண்டறியப்பட்ட இத்தகைய துண்டு ஒன்றின் காப்புத்திறன் 1993ல் விளக்கப்பட்டது. ஆனால் இவற்றால் சுமை நீள்வதால், வைரஸைப் போதிய அளவில் தயாரிப்பது கடினமாகிறது.

மௌனமாவதைத் தடுத்தால் மட்டும் போதாது. மூளையைத் தாக்கும் அரிய நோய்க்காக 2022ல் அமெரிக்கா அனுமதித்த ஸ்கைசோனா சிகிச்சையில், எளிதில் மௌனமாகாதபடி மாற்றியமைக்கப்பட்ட வைரஸ் சுவிட்ச் பயன்படுத்தப்பட்டது. அச்சிகிச்சை பெற்ற 67 சிறுவர்களில் ஏழு பேருக்கு ரத்தப் புற்றுநோய் ஏற்பட்டதாக 2024 அக்டோபரில் தெரிவிக்கப்பட்டது.

வேலூரில் வைரஸின் சுவிட்சுக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில வெள்ளையணுக்களிலேயே முக்கியமாக இயங்கும் சிடி68 என்ற மனித மரபணுவின் சுவிட்ச் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆயினும் அந்த ஐந்து பேரும் கண்காணிக்கப்பட்ட காலம், ஆய்வு வெளியானபோது, மொத்தமாகச் சேர்த்தே 81 மாதங்கள்தான். ஃபிராங்பர்ட்டிலும் தொடக்க மாதங்கள் நம்பிக்கை அளித்தன என்பதால், நீண்டகாலக் கண்காணிப்பே இறுதி விடையைத் தரும்.