கடவுச்சொல் காத்த கதை

திருமலை உண்டியலை அறியாதார் சித்தூர், திருப்பதி வட்டாரத்து வாழும் நம்முள் ஒருவரும் இலர். அதனுள் காணிக்கை இடுதல் எவர்க்கும் எளிது. இட்டதை மீட்டல் இட்டவர்க்கும் இயலாது. இந்நுட்பத்தைக் கணிப்பொறி உலகம் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு சிறிதன்று. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

1961ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலரும் பகிர்ந்து கையாளும் முறையைக் கார்படோ என்னும் அறிஞர் தம் குழுவினருடன் உருவாக்கிக் காட்டினார். அவரவர் கோப்பை அவரவரே காணும்பொருட்டு ஆளுக்கொரு கடவுச்சொல் வகுத்தனர். ஆயின் அச்சொற்கள் யாவும் ஒரே கோப்பில் வெளிப்படையாக எழுதப்பெற்றிருந்தன. 1962இல் ஆய்வு மாணவர் ஒருவர் அக்கோப்பை அப்படியே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் இரு கோப்புகள் இடம் மாறிப்போக, உள்நுழைந்தோர் கண்முன் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வந்து நின்றன!

பின்னர்க் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடாம் ஒரு வழி கண்டார். சொல்லைச் சேமியாது, மீட்க இயலாவண்ணம் உருமாற்றிய வடிவை மட்டுமே சேமிப்பது அது. வருபவர் கூறும் சொல்லையும் அவ்வாறே உருமாற்றி, இரண்டும் ஒத்தால் உள்ளே விடலாம். உண்டியலுக்கேனும் சாவி உண்டு; இதற்கு அதுவும் இல்லை.

எனினும் மக்கள் எளிய சொற்களையே நாடினர். 1979இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 100க்கு 86 எளிதில் கண்டறியத்தக்கனவாய் இருந்தன. ஆகவே, 'உப்பு' எனப்படும் ஓர் எண்ணை ஒவ்வொரு சொல்லோடும் கலந்து உருமாற்றும் முறையை யூனிக்ஸில் அமைத்தனர். அதனால் இருவர் ஒரே சொல்லை வைத்தாலும் வடிவம் வேறாயிற்று. பிற்காலத்தில் அவ்வடிவங்களும் தலைமை நிர்வாகி மட்டுமே படிக்கத்தக்க தனிக்கோப்புக்குச் சென்றன.

1990களில் இணையம் பரவியபோது புதியதோர் இடர் எழுந்தது. வலைத்தளத்து நிரல், ஊரார் அனைவரையும் எதிர்கொள்ளும் வாயிற்காவலன். அவன் கையில் கருவூலத்தைத் திறந்துவிடலாமோ? அவன் ஏமாந்தால் அனைத்தும் போம். ஆதலின் அறிஞர் வகுத்த நெறி இது: காவலன் வந்தவரின் பெயரையும் சொல்லையும் உள்ளிருக்கும் நம்பகமான சிறு நிரல் ஒன்றிடம் பிறர் காணாவாறு ஒப்படைப்பான், அது 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே விடை கூறும். இத்தகைய சரிபார்ப்புக்கெனப் பொதுவானதோர் அமைப்பைச் சன் நிறுவனத்தார் 1995இல் முன்மொழிந்தனர்.

அன்பர்களே! இன்று வேங்கடவன் தரிசனச் சீட்டும் கணிப்பொறி வழியே கிடைக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய நிரல்களை எழுதும் பணியில் உள்ளனர். அவர்கள் மனத்திற்கொள்ள வேண்டுவது ஒன்றே: பிறர் நம்பி உரைத்த சொல்லைச் சரிபார்ப்பது நம் கடமை, அதனை வைத்துக்கொள்வது நம் உரிமையன்று.